சக்கரத்தை விடுங்கள், பாயைப் பாருங்கள்

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் மட்டும் படியுங்கள். கோபத்தில் ஆரம்பித்து, மூன்று நாள் ஆறப்போட்டு, திருத்தி எழுதியிருக்கிறேன். அப்படியும் கோபம் முழுசாக ஆறவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இன்ஜினியர் இல்லை. பிளஸ் டூவுக்குப் பிறகு ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்து, ஒட்டன்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலும் கணக்கும் நடத்தி ஓய்வு பெற்றவன். ரோபோவைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: ஒரு ரோபோவால் அழுத பிள்ளை என் மாணவி.

பெயர் வேண்டாம். அவள் அப்பா நம்ம காந்தி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தபோது, டார்ச் பல்பையும் பேட்டரியையும் வைத்துக்கொண்டு, "சார், ரெண்டு பேட்டரிய எதிரும் புதிருமா வச்சா ஏன் சார் எரியல?" என்று விடாமல் கேட்டவள். பிறகு ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாள். கல்லூரியின் பெயரும் வேண்டாம். இந்தக் கதை எந்தக் கல்லூரியிலும் நடக்கக்கூடியதுதான்.

கடைசி வருடத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். நாலு பேர் குழு. இவள் சொன்ன யோசனை, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மருந்தும் ரத்தப் பரிசோதனைக் குப்பிகளும் எடுத்துப்போகும் ஒரு சின்ன ரோபோ. 2020-ல் கொரோனா சமயத்தில் திருச்சி ப்ரொப்பல்லர் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் நோயாளிகளுக்கு மருந்தும் சாப்பாடும் கொண்டுபோக ரோபோ செய்து கொடுத்த செய்தியை அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே படித்திருக்கிறாள். ஆனால் யோசனை வந்தது செய்தியிலிருந்து இல்லை. அவள் பாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பத்து நாள் ராத்திரித் துணைக்கு இருந்தாள். எங்கே? தாழ்வாரத்தில், பாய் விரித்து. நம்ம ஊர் ஆஸ்பத்திரித் தாழ்வாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாயில் படுத்திருக்கிற ஆள், பக்கத்தில் பிளாஸ்க், கழற்றிப் போட்ட செருப்பு, சோற்று வாளி, காயப்போட்ட துண்டு. நர்ஸம்மா கையில் டிரேயோடு அத்தனையையும் தாண்டித் தாண்டிப் போவார்கள்.

அவள் கேட்ட கேள்வி இது: "வெளிநாட்டு வீடியோவுல தாழ்வாரம் காலியா இருக்கு சார். நம்ம தாழ்வாரத்துல ஆளு படுத்திருக்காங்களே, ரோபோ அவங்களப் பாக்குமா?"

இதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆராய்ச்சி என்றால் இதுதான். இந்தக் கேள்வி அமெரிக்காக்காரனுக்கு வராது, அவன் தாழ்வாரத்தில் யாரும் பாய் விரிப்பதில்லை. பாட்டிக்குத் துணைக்குப் படுத்த பிள்ளைக்குத்தான் வரும்.

இனி நடந்ததைக் கேளுங்கள்.

அவள் இணையத்தில் தேடி, டர்டில்பாட் என்ற ரோபோவின் அமைப்பை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். வட்டமான அடித்தட்டு, ஓட்டுவதற்கு இரண்டு சக்கரம், தாங்குவதற்குத் தானாகச் சுழலும் ஒரு குட்டிச் சக்கரம், மேலே ஒரு கணினி, ஒரு லேசர் சென்சார். அவ்வளவுதான். வழிகாட்டி ஆசிரியர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "இது ஏற்கெனவே இன்டர்நெட்ல இருக்கேம்மா. நாவல்டி எங்க?"

நாவல்டி! இந்த ஒரு சொல்லுக்குப் பயந்து தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் ராத்திரி தூங்காமல் கிடக்கிறார்களோ தெரியவில்லை. எதையாவது புதுசாகக் காட்டு. கேள்வி புதுசாக இருந்தால் போதாது, பார்த்தவுடன் கண்ணுக்குத் தெரிகிற சக்கரம் புதுசாக இருக்க வேண்டும்.

ஆகவே குழு வடிவத்தை மாற்றியது. நாலு மெக்கானம் சக்கரம். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிச் சாய்வாகக் குட்டி உருளைகள் பொருத்தியிருக்கும், ரோபோ நண்டு மாதிரி பக்கவாட்டிலும் நகரும். பார்க்க அமர்க்களமாக இருக்கும். வழிகாட்டிக்குப் பிடித்துப்போயிற்று. இதிலே வேடிக்கை, அந்தச் சக்கரத்தை ஸ்வீடன் நாட்டு பெங்க்ட் இலான் என்பவர் கண்டுபிடித்தது 1970-களின் தொடக்கத்தில். வழிகாட்டி பிறப்பதற்கு முன்பே வந்த நாவல்டி!

மெக்கானம் சக்கரம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதற்கு உரிய இடம் உண்டு. ஆனால் அதற்கு நாலு மோட்டார் வேண்டும், நாலும் ஒரே வேகத்தில் சொல்பேச்சுக் கேட்க வேண்டும், நாலு சக்கரமும் தரையைச் சமமாக மிதிக்க வேண்டும். டைல்ஸ் தரையில் ஒரு இணைப்புக் கோடு வந்தால்கூட உருளை வழுக்கும். வழுக்கினால் தான் எவ்வளவு தூரம் வந்தோம் என்று ரோபோ போட்டு வைத்திருக்கும் கணக்கு தப்பாகிவிடும். பிள்ளைகள் வாங்கியதோ மஞ்சள் கலரில் பிளாஸ்டிக் கியர் வைத்த மலிவு மோட்டார். ஒன்று வேகமாகச் சுற்றும், ஒன்று மெதுவாகச் சுற்றும்.

எட்டு மாதம். ஆமாம், எட்டு மாதம் அந்தச் சக்கரத்தோடு போராடினார்கள். தீபாவளி லீவில் வீட்டுக்கு வந்தபோது அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "நேரா போக மாட்டேங்குது சார்."

பாயில் படுத்த ஆள் என்ன ஆனார்? அந்தக் கேள்விக்கு அவர்கள் போகவே இல்லை. ரோபோ நேராகப் போனால்தானே ஆளைப் பார்க்குமா என்று பார்க்க முடியும்.

கடைசியில் மார்ச் மாதம் வந்தது. நாலு பேர் சேர்ந்து 42,000 ரூபாய் செலவழித்திருந்தார்கள். இவள் பங்குக்கு அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. வைவாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, குழு ஒரு ப்ராஜெக்ட் சென்டருக்குப் போய், தயாராக இருந்த ஒரு ரோபோவை இன்னொரு 15,000 கொடுத்து வாங்கி வந்து மேஜையில் வைத்தது. பட்டனை அழுத்தினால் ஓடும், விளக்கு எரியும். வெளித்தேர்வாளர் கைகுலுக்கினார். நல்ல மதிப்பெண். அன்று ராத்திரி போனில் அழுதாள். "சார், அது நாங்க செஞ்சதே இல்ல சார்."

கவனியுங்கள். "புதுசாகச் செய்" என்று விரட்டியதன் விளைவு, கடையில் வாங்கிய பொம்மையைத் தங்கள் பெயரில் காட்டியது. ஏற்கெனவே இருக்கும் வடிவத்தை வெளிப்படையாக எடுத்துக்கொள் என்று விட்டிருந்தால் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது. மற்றவர் வடிவத்தை எடுத்து, இது இன்னாருடையது என்று எழுதிவிட்டு, அதன் மேல் தன் வேலையைச் செய்வது காப்பி இல்லை. பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கி நான் செய்தேன் என்பதுதான் காப்பி. முதலாவதைத் தடுத்து இரண்டாவதை நாமே வளர்க்கிறோம்.

அந்த டர்டில்பாட்டின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வில்லோ கராஜ் என்று ஒரு ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அவர்கள் செய்த பி.ஆர்.2 என்ற ரோபோவின் விலை 4 லட்சம் டாலர். இரண்டு கை, எத்தனையோ சென்சார், பிரமாதமான இயந்திரம். அதே நிறுவனத்தில் வேலை பார்த்த மெலனி வைஸ், டல்லி ஃபூட் என்ற இருவர் 2010-ல் வேறு மாதிரி யோசித்தார்கள். வீடு பெருக்கும் ரூம்பா ரோபோ 2002-லிருந்தே ஊரெல்லாம் ஓடுகிறது. அதன் அடிப்பாகத்தை மட்டும் அந்தக் கம்பெனி கல்விக்காகத் தனியாக விற்றது. அதை எடுத்தார்கள். அந்த மாதம்தான் வீடியோ கேம் விளையாட வந்திருந்த கினெக்ட் கேமராவை மேலே பொருத்தினார்கள். ஒரு சின்ன லேப்டாப். முடிந்தது.

4 லட்சம் டாலர் ரோபோ வைத்திருந்தவர்கள் பெருக்குகிற மெஷினின் அடிப்பாகத்தை எடுக்க வெட்கப்படவில்லை. நமக்கு 42,000 ரூபாயில் வெட்கம்!

ஏன் அந்த அடிப்பாகம்? லட்சக்கணக்கான வீடுகளில், கட்டிலுக்கு அடியில், நாற்காலிக் காலில் முட்டி, மிதியடியில் ஏறி இறங்கி, என்னென்ன தப்பு நடக்கும் என்று ஏற்கெனவே தெரிந்துபோன அடிப்பாகம் அது. இரண்டு சக்கரமும் ஒரே அச்சில், வட்டத்தின் நடுவில் இருக்கும். ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் சுற்றினால் நின்ற இடத்திலேயே திரும்பும். உடம்பு வட்டமாக இருப்பதால் திரும்பும்போது மூலை எதுவும் சுவரில் இடிக்காது. வீட்டுக்குள் ஓடுகிற யந்திரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சரி, அந்த நிறுவனம் இழுத்து மூடப்பட்டால்? மூடத்தான் செய்தார்கள். வில்லோ கராஜ் 2014-ல் போய்விட்டது. கினெக்ட் தயாரிப்பையும் மைக்ரோசாஃப்ட் 2017-ல் நிறுத்திவிட்டது. ஆனால் டர்டில்பாட் போகவில்லை. 2012-ல் கொரியாக்காரர்களின் அடிப்பாகத்தோடு இரண்டாவது வந்தது. 2017-ல் ரோபோடிஸ் என்ற இன்னொரு கொரிய நிறுவனம் உள்ளங்கையில் தூக்குகிற அளவுக்கு மூன்றாவதைக் கொண்டுவந்தது. 2022-ல் நாலாவது. கேமரா மாறியது, மோட்டார் மாறியது, கம்பெனிகள் மாறின. ஓட்டுகிற இரண்டு சக்கரம் மாறவில்லை. நிரூபிக்கப்பட்ட வடிவம் என்று நான் சொல்வது இதைத்தான். விலை உயர்ந்த கிட் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிட் என்றதும் இன்னொரு எரிச்சல் ஞாபகத்துக்கு வருகிறது. மத்திய அரசு 2016-லிருந்து அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரை கொடுக்கிறது. நல்ல திட்டம். நன்றாக நடத்துகிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் நான் ஒரு பள்ளி விழாவுக்குப் போனபோது பீரோவுக்குள் பெட்டி பிரிக்காமல் அடுக்கியிருந்தது. "பிள்ளைங்க உடைச்சிட்டா ஆடிட்டில யார் சார் பதில் சொல்றது?" என்றார்கள். பூட்டி வைத்தால் எந்த வடிவமும் நிரூபணம் ஆகாது. பத்துப் பேர் உடைத்து, பத்துப் பேர் ஒட்டி, எங்கே உடையும் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் ஒரு பொருள் நம்பத் தகுந்ததாகிறது.

விடியற்காலை நாலு மணிக்கு நம்ம மார்க்கெட்டுக்கு வந்து பாருங்கள். முருங்கைக் கட்டும் தக்காளிப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வரிசையாக வரும். 1980-ல் வந்த டி.வி.எஸ். 50-யின் பேரப்பிள்ளை அது. அழகில்லை, வேகமில்லை. ஆனால் கள்ளிமந்தயம் ரோட்டில் நடுவழியில் நின்றால், பிளக்கோ ஒயரோ எந்தப் பெட்டிக்கடை மெக்கானிக்கிடமும் கிடைக்கும். விவசாயி அதைத் தேர்ந்தெடுத்தது முட்டாள்தனத்தாலா? அவர் வேலை தக்காளியைச் சேர்ப்பது. வண்டியில் நாவல்டி காட்டுவது அவர் வேலை இல்லை.

இதே அளவுகோலை ரோபோவுக்கும் வையுங்கள். மோட்டார் போனால் திண்டுக்கல்லிலோ கோயமுத்தூரிலோ நாளைக்கே வேறு கிடைக்குமா? அடித்தட்டு உடைந்தால் நம்ம ஊர் ஆசாரி பிளைவுட்டில் வட்டம் வெட்டித் தருவாரா? இதே கோளாறு வேறு யாருக்காவது வந்து, எப்படிச் சரிசெய்தேன் என்று எழுதி வைத்திருக்கிறாரா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அந்த வடிவத்தை எடு. மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். தனியாக ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்தவனுக்கு, அது கெட்டுப்போகும்போது கேட்பதற்கு உலகத்தில் ஆளே இல்லை.

"அப்படியானால் பிள்ளைகள் சுயமாகச் செய்து கற்க வேண்டாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்தான், நியாயமான கேள்விதான். கற்கட்டும். நானே தகரத்திலும் தீக்குச்சிப் பெட்டியிலும் எத்தனையோ கருவி செய்யவைத்தவன். சக்கரம் எப்படி வேலை செய்கிறது என்று கற்க வேண்டுமானால் முதல் வருடத்திலேயே செய்யட்டும், நாலு விதமாகச் செய்து நாலையும் உடைக்கட்டும். அதற்குப் பெயர் பட்டறைப் பாடம். அதற்கு மதிப்பெண் கொடுங்கள். ஆனால் தாழ்வாரத்தில் படுத்திருக்கும் மனிதனைப் பற்றிய கேள்வியைத் தலைப்பாக எழுதி வாங்கிவிட்டு, சக்கரத்துக்குப் பரீட்சை வைக்காதீர்கள். இரண்டையும் ஒரே வருடத்தில், ஒரே தோட்டில் செய்ய முடியாது.

இன்னொருவர் தேசபக்தி பேசினார். வெளிநாட்டு வடிவத்தைப் பின்பற்றுவது அடிமைப் புத்தியாம். ஐயா, மும்பை ஐ.ஐ.டி.யின் ஈ-யந்த்ரா திட்டத்தைப் பாருங்கள். மத்திய அரசு நிதியில் நடப்பது. ஃபயர் பேர்டு 5 என்று ஒரு ரோபோ, நம் நாட்டிலேயே செய்தது. அதுவும் இரண்டு மோட்டார்ச் சக்கரமும் ஒரு தாங்குசக்கரமும்தான்! 2012-லிருந்து போட்டி நடத்துகிறார்கள். தேர்வாகும் குழுக்களுக்கு ரோபோவை அவர்களே அனுப்பிவைக்கிறார்கள். செய்ய வேண்டிய வேலை வருடத்துக்கு வருடம் வேறு. காசு இருக்கிற கல்லூரிப் பிள்ளைக்கும் கிராமத்துக் கல்லூரிப் பிள்ளைக்கும் ஒரே சக்கரம் என்றால், அப்புறம் வித்தியாசம் எங்கே தெரியும்? மூளையில்தான் தெரியும். மூட்டை தூக்குபவர் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய நியாயம் யார் செய்ய முடியும்? "வண்டியையும் நீயே புதுசாகக் கண்டுபிடி" என்று சொல்வது, அப்பாவிடம் பணம் இருக்கிறவன் ஜெயிக்கட்டும் என்று சொல்வதுதான்.

நம்ம மலைமேலேயே ஒரு சாட்சி இருக்கிறது. கோடைக்கானல் சூரிய ஆய்வகம். நான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பலமுறை போயிருக்கிறேன். சூரியனை ஒரே ஒரு நிறத்து ஒளியில் படமெடுக்கிற கருவி அங்கே இருந்தது, ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்பார்கள். அமெரிக்காவில் ஹேலும் பிரான்சில் டெலாண்டரும் 1890-களின் தொடக்கத்திலேயே உருவாக்கிய முறை. கோடைக்கானலுக்கு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் கம்பெனியிடமிருந்து வாங்கினார்கள். 1907-ல் ஜான் எவர்ஷெட் என்பவர் வந்து சேர்ந்தார். கருவி செய்வதில் கெட்டிக்காரர். அப்படிப்பட்டவர் முதலில் என்ன செய்தார்? இருக்கிற கருவியைச் சரிசெய்து ஒழுங்காக ஓடவைத்தார். பிறகு நிறமாலைக் கருவி ஒன்றையும் சேர்த்துப் பூட்டினார், அதுவும் உலகம் அறிந்த வகைதான். 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளை அதில் பார்த்தபோது, புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வாயு ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். அவரிடம் போய் யாரும் "கருவி ஏற்கெனவே இருக்கிறதே, நாவல்டி எங்கே?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மனுஷன் புதுக் கருவிக்குத் திருகாணி தேடி மலையை விட்டு இறங்கியிருப்பார்.

ரோபோ சரித்திரத்திலும் அதுதான். 1966 முதல் 1972 வரை அமெரிக்காவில் எஸ்.ஆர்.ஐ. என்ற நிறுவனத்தில் ஷேக்கி என்று ஒன்று செய்தார்கள். அறைக்குள் தானாக யோசித்து நகர்ந்த முதல் ரோபோ. ஓடும்போது ஆடியதால் அந்தப் பெயர். அதன் சக்கரத்தை இன்று யார் நினைக்கிறார்கள்? அந்தத் திட்டத்தில் 1968-ல் பிறந்த ஏ-ஸ்டார் என்ற வழிதேடும் முறையை இன்றும் ஒவ்வொரு கம்ப்யூட்டர் மாணவனும் படிக்கிறான்.

திரும்ப என் மாணவி கதைக்கு வருகிறேன்.

இப்போது அவள் கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தோடு திரும்பி வந்துவிட்டது. பொங்கல் லீவுக்கு வந்தபோது ஒரு அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். உள்ளே பிளைவுட் வட்டம் இரண்டு, சுற்று எண்ணும் என்கோடர் வைத்த மோட்டார் இரண்டு, தாங்குசக்கரம் ஒன்று, ராஸ்பெரி பை கணினி, ஒரு சின்ன லேசர். "பழைய டிசைன்தான் சார். யார்கிட்டயும் காட்டப் போறதில்ல. எனக்குத் தெரியணும்" என்றாள்.

அதுவும் முதலில் நேராகப் போகவில்லை! ஆனால் இந்தத் தடவை எங்களுக்கு ஏன் என்று தெரிந்திருந்தது, காரணம் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்கு வாத்தியார் என்ற முறையில் இந்த இடத்தைச் சுருக்க மாட்டேன், மன்னிக்கவும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 30 செ.மீ. என்று வையுங்கள். ஒரு சக்கரத்தின் விட்டம் 100 மி.மீ., இன்னொன்று 101 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். சின்னது 1 மீட்டர் ஓடும்போது பெரியது 1 செ.மீ. கூடுதலாக ஓடும். 30 செ.மீ. அகல வண்டியில் அந்த 1 செ.மீ. ஏறக்குறைய 2 டிகிரி திருப்பம். 10 மீட்டர் போனால் 19 டிகிரி திரும்பி, நேர்க்கோட்டிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் விலகிச் சுவரில் முட்டும். ஒரே ஒரு மில்லிமீட்டர் செய்கிற வேலை! நாலு மெக்கானம் சக்கரத்தில் இந்தப் பிழையைத் தேடிப் பிடிக்க எந்தப் பிள்ளையால் முடியும்?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் போரன்ஸ்டைன், ஃபெங் என்ற இருவர் 1990-களில் இதற்கு ஒரு சோதனை வகுத்திருக்கிறார்கள். 4 மீட்டருக்கு 4 மீட்டர் சதுரம். ரோபோவைக் கடிகாரம் சுற்றும் திசையில் ஐந்து தடவை, எதிர்த்திசையில் ஐந்து தடவை ஓட்டு. புறப்பட்ட இடத்துக்கும் வந்து நின்ற இடத்துக்கும் உள்ள தூரத்தை அள. ஏன் இரண்டு திசை? சக்கர விட்டத்தில் ஒரு பிழை, சக்கர இடைவெளியில் ஒரு பிழை. ஒரு திசையில் ஒன்று இன்னொன்றை மறைத்து, எல்லாம் சரி என்று காட்டிவிடும். எதிர்த்திசையில் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆராய்ச்சிக்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான்.

என் வீட்டு ஹாலில் 4 மீட்டர் சதுரம் ஏது? தெரிந்தவருடைய கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் இல்லாத நாளில் அனுமதி வாங்கி, சாக்பீஸால் நானே கோடு போட்டேன். ரிட்டயர் ஆன பிறகு இவ்வளவு நீளக் கோடு போட்டதில்லை. கடிகாரத் திசையில் 60 செ.மீ. தள்ளி வந்து நின்றது, ஐந்து தடவையும் ஏறக்குறைய அதே இடத்தில். எதிர்த்திசையில் வேறு இடத்தில். அவள் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டு நிரலில் இரண்டு எண்ணை மாற்றினாள். சாயங்காலத்துக்குள் 8 செ.மீ.க்குள் வந்துவிட்டது. எட்டு மாதத்தில் நடக்காதது ஒரே நாளில் நடந்தது. அவள் திறமை மாறவில்லை, அன்றும் இதே பிள்ளைதான்.

மறுநாள் பாய் எடுத்துக்கொண்டு போனோம். நோயாளிக்குத் துணைக்கு வந்தவராக நான்தான் படுத்தேன். என் மனைவி ஓரமாக நின்று, "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்டது தனிக்கதை. பிளாஸ்க், செருப்பு, துண்டு எல்லாம் அவள் சொன்ன இடத்தில் வைத்தோம். ரோபோ மெதுவாக வந்தது. அதன் லேசர் தரையிலிருந்து 18 செ.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அந்த உயரத்தில் என்ன இருக்கிறதோ அது மட்டும்தான் அதற்கு உலகம். ஒருக்களித்துப் படுத்திருந்த என் தோளைப் பார்த்தது, ஒதுங்கியது. பிளாஸ்க்கைப் பார்த்தது. செருப்பைப் பார்க்கவில்லை, இடித்துத் தள்ளிக்கொண்டே வந்தது. தூக்கத்தில் போல நீட்டி வைத்திருந்த என் இடது கையைப் பார்க்கவே இல்லை. மணிக்கட்டில் ஏறப் பார்த்து, முட்டி, சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றது. வலிக்கவில்லை. ரப்பர் தடம் மட்டும் விழுந்தது.

அவள் ஓடிவந்து கையைப் பார்க்கவில்லை, நோட்டைத்தான் எடுத்தாள்! "சார், கைய எடுக்காதீங்க, அப்படியே வைங்க" என்று உயரம் அளந்தாள். 7 செ.மீ. எழுதிக்கொண்டாள். இதுதான் அந்த வருடம் அவள் கேட்க விரும்பிய கேள்வி. கேட்க விடாத நாவல்டிக்கு நான் இன்னும் மன்னிப்புக் கொடுக்கவில்லை.

அடுத்த தடவை வரும்போது தரையைப் பார்த்துச் சாய்ந்த இரண்டாவது சென்சார் ஒன்றைப் பொருத்தி வருகிறாளாம். உயரம் வேறு, பருமன் வேறு, சேலை, வேட்டி, லுங்கி என்று பல விதமாக ஆட்கள் படுக்க வேண்டுமாம். நான் ஒருவன் போதவில்லை. ஒட்டன்சத்திரத்தில் இருப்பவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் படுக்கத் தயார் என்றால் எனக்குச் சொல்லுங்கள். பாய் நான் கொண்டுவருகிறேன்.